பருத்தித்துறையிலிருந்து மாத்தறை வரை

என் நாட்டை எனக்குப் படம் போட்டுக் காட்டியவள் ஒரு நோர்வேக்காரி. ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். அவள் அங்கே தாதி. கணவனோடு இலங்கைக்குச் சுற்றுலா போய்விட்டு வந்து, மதியச் சாப்பாட்டு மேசையில் பாண் துண்டுக்கு மேலே பழுப்புச் சீஸை அடுக்கிக்கொண்டே கைத்தொலைபேசியை என் பக்கம் நீட்டினாள். சிகிரியாக் குன்று. எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் நீல ரயில். சிவனொளிபாதமலையின் உச்சியில் விடியற்காலை, அவளும் அவனும் கம்பளித் தொப்பியோடு பல்லைக் காட்டிக்கொண்டு.

"இது உன்ரை வீட்டுக்குக் கிட்டவா?" என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டாள்.

இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கடைசியில், "அப்ப இதிலை எதைத்தான் நீ பாத்திருக்கிறாய்?" என்றாள். குத்திக் கேட்கவில்லை, பாவம், உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுக் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

நான் ஊர்காவற்றுறையில் பிறந்தவள். எங்கள் தீவில் கோயில் கோபுரத்தை விட்டால் உயரமான பொருள் பனைமரம்தான். மலையைச் சமூகக்கல்விப் புத்தகத்தில்தான் கண்டேன். நீளமான ஆறு மகாவலி, உயர்ந்த மலை பிதுருதலாகலை, இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. பூமிசாத்திரத்தில் வகுப்பில் நான்தான் முதல். தேசப்படத்தில் மலைநாட்டுக்கு மண்ணிறம் தீட்டி, ஆறுகளுக்கு நீலக்கோடு இழுத்து, ரயில் பாதைக்குக் குறுக்குக் கோடு போடுவேன். "வடக்கே பருத்தித்துறை முனை முதல் தெற்கே தெய்வேந்திரமுனை வரை" என்று ஆசிரியை தொடங்கினால் மிச்சத்தை நான் பாடிவிடுவேன். அந்த ரயிலில் ஏற எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிறகு சண்டையில் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கலியாணப் பெண்ணாக நோர்வேக்குப் புறப்பட்டபோது பஸ்சில் கொழும்புக்குப் போனேன். சோதனைச் சாவடிகளைத் தவிர வேறொன்றும் நினைவில்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், நோர்வேயை நான் தலையிலிருந்து கால்வரை பார்த்தவள். வந்த புதிதில் நானும் என் கணவரும் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். வடமுனையான நோர்ட்காப்புக்கு இரண்டு தரம் போய், பனிப்புகாரில் ஒன்றும் தெரியாமல் வாஃபிள் தின்றுவிட்டு வந்திருக்கிறோம். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி குரோருட்டில் வீடு வாங்கி, ஒரு கோடை விடுமுறையில் மகளையும் ஏற்றிக்கொண்டு தென்முனையான லிண்டெஸ்னெஸ் வெளிச்சவீட்டடியில் நின்று படம் எடுத்தோம். இந்த ஊர்க்காரருக்கு லிண்டெஸ்னெஸிலிருந்து நோர்ட்காப் வரை என்றால் அது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. சிலர் நடந்தே முடிப்பார்கள், சிலர் சைக்கிளில். ஊரான் வீட்டின் கோடியிலிருந்து முற்றம் வரை அளந்தவள் தன் வீட்டில் குசினியை மட்டும் கண்டிருக்கிறாளே என்று அன்றைக்குத் தே-பானே சுரங்க ரயிலில் வீட்டுக்கு வரும்போது எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. குரோருட் நிலையத்தில் இறங்கும்போது முடிவெடுத்துவிட்டேன். பருத்தித்துறையில் தொடங்கி, பஸ்சிலும் ரயிலிலுமாக, தெய்வேந்திரமுனை மட்டும் போவது. இவரையும் கூட்டிக்கொண்டு போவது.

இவரைக் கூட்டிக்கொண்டு போவதில்தான் சிக்கல் இருந்தது.

எங்களுக்குள் ஊருக்குப் போகிற முறை ஒன்று உண்டு. இங்கே இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் வான் தயாராக நிற்கும். சாமானை ஏற்றி, யன்னல் திரையை இழுத்து மூடி, சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டால், கண் விழிக்கும்போது யாழ்ப்பாணம். திரும்பும்போதும் அப்படித்தான். நடுவில் இருக்கிற நாட்டை நாங்கள் நித்திரையில் கடக்கிறோம். மற்றவர்களுக்கு அது வசதி. இவருக்கு அது பிடிவாதம்.

இவர் பொடியனாக இருந்தபோது மாத்தறையில் தாய்மாமனின் சுருட்டுக்கடையில் நின்றவர். அந்தக் காலத்தில் எங்கள் தீவுகளின் ஆண்கள் பாதிப்பேருக்குத் தெற்கில்தான் கடை. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். மாமாவும் இவரும் உடுத்த உடுப்போடு ஓடி, அகதி முகாமில் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். மாமா அதற்குப் பிறகு கடை போடவேயில்லை. கலியாணமான புதிதில் இவ்வளவையும் ஒருநாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டு, "குழம்பு கொஞ்சம் விடும்" என்றார். பிறகு அந்தக் கதையை எடுத்ததேயில்லை. சிங்களம் தண்ணீர் மாதிரி வரும் என்று மச்சாள்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை. ஒஸ்லோவில் கடைத்தெருவில் யாராவது சிங்களவர் இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஆசையாகச் சிங்களத்தில் கதை கொடுத்தால், இவர் நோர்வேஜிய மொழியில்தான் பதில் சொல்வார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் விஷயத்தைப் போட்டேன்.

"உமக்கு என்ன விசரே?" என்றார். "அந்த வெயிலுக்கை ரயிலிலை ஆர் போறது?"

"உங்கடை நோர்ட்காப்புக் குளிருக்கை நான் வந்தனான்தானே?"

"கண்டிக்குப் போவம். நுவரெலியாவுக்குப் போவம். மாத்தறைப் பக்கம் மட்டும் வேண்டாம்."

"தெய்வேந்திரமுனை மாத்தறைக்கு அங்காலைதான் கிடக்கு. நான் என்ன செய்யிறது, தூக்கி நுவரெலியாவிலை வைக்கவோ?"

எழுந்து போய்த் தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டியைப் போட்டுவிட்டார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பூனை போகாவிட்டால் அடுப்பங்கரை முழுக்க மற்றவனுக்குத்தானே? அந்த நாட்டில் பாதியை ஒருவன் எரித்துப் பயப்படுத்தி எங்களிடமிருந்து பறித்துவிட்டான் என்றால், மிச்ச ஆயுளுக்கும் நாங்களே திரையை இழுத்து மூடிக்கொண்டு அதற்கு ஒத்துழைப்பதா? எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பாத்திரம் கழுவினேன். அவர் வராமல் அந்த முனையை நான் பார்த்தால் அது வெறும் சுற்றுலா. அவர் வந்தால்தான் எனக்கு அது நாடு. இதை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால் சண்டை பிடித்தேன்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். குளிர்மாரி முழுக்க அடித்தேன். ஞாயிறுகளில் ரொம்சோஸ் பக்கத்துக் குன்றில் நடக்கும்போது அடித்தேன், பூசை முடிந்து வரும் வழியில் அடித்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் மகள் நடுவில் புகுந்து, "அம்மா, அப்பாவை ஸ்த்ரெஸ் பண்ணாதேங்கோ. இது ஃபெரியெ, எக்ஸாமென் இல்லை" என்றாள். விடுமுறையாவது பரீட்சையாவது, எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்றேன். அவள்தான் கடைசியில் சமாதானம் பேசினாள். போகும்போது அப்பாவின் முறை, வான், திரை எல்லாம். திரும்பும்போது அம்மாவின் முறை. அப்பா கொழும்பில் வெள்ளவத்தை மட்டும் ரயிலில் வருவார். அதற்குத் தெற்கே அம்மா தனிய.

"வெள்ளவத்தை மட்டும்தான்," என்று அவர் விரலை நீட்டிச் சொன்னார். சரி என்றேன். மனதுக்குள் சரி என்று சொல்லவில்லை.

பருத்தித்துறை முனையில் கடல் தட்டையாகக் கிடந்தது. வெளிச்சவீட்டுக்குக் கிட்டப் போக விடவில்லை. "இதுக்கோ இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று இவர் சிரித்தார். நான் காலை நனைத்துக்கொண்டு, தொடங்கியாயிற்று என்று மாதாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் பஸ்சில் ஏறினேன். பாட்டை அலறவிட்டுக்கொண்டு அது பறந்த பறப்பில் வல்லைவெளி ஒரு மூச்சில் போய்விட்டது. அடுத்தநாள் காலை ரயில்.

ரயிலில் யன்னல் பக்கம் எனக்கு. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீரும் உப்பு வயலுமாக வெள்ளை வெளேரென்று கிடந்தது. நாரைகள் நின்றன. கிளிநொச்சி, மாங்குளம் என்று காடு வந்தது. வவுனியா மட்டும் இவர் நல்லாகத்தான் கதைத்துக்கொண்டு வந்தார். வவுனியா தாண்டியதும் வாய் மூடிக்கொண்டது. அனுராதபுரத்தில் கூடைக்காரர் ஏறிச் சிங்களத்தில் கூவிக்கொண்டு வந்தார்கள். கடலை என்று நினைத்து நான் கையைக் காட்டி வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் மிளகாய்த்தூள் பூசிய மாங்காய். இவருக்கு அவன் கூவியது விளங்கியிருக்கும். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் மாங்காய் முழுவதையும் நானே தின்றேன்.

தெதுறு ஓயா ஆறு, பிறகு குருநாகலில் யானை படுத்த மாதிரிப் பெரிய கற்பாறை. "உதுதான் ஆனைக்கல்" என்று இவர் தன்னை மறந்து சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடினார். தேசப்படத்தில் நான் வெறுமனே ஒரு புள்ளி வைத்த ஊர்களில் மனிதர்கள் குடை பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், ஏறினார்கள். களனி ஆற்றுப் பாலம் தடதடத்தது. வெள்ளவத்தையில் அறைக்குப் போனபோது எனக்குக் களைப்பே இல்லை.

அறைக்குக் கீழே கடற்கரையை ஒட்டித் தண்டவாளம். சாயந்தரம் தெற்கே போகிற ரயில், வாசலில் ஆட்கள் தொங்க, எங்களைக் கடந்து போயிற்று. இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு வாங்கோவன்," என்றேன். இந்த முறை சண்டைக் குரலில் இல்லை.

"எனக்குப் பயமெண்டு நினைக்கிறீரோ?"

"பின்னை என்னவாம்?"

"பயம்தான்," என்றார். "அவங்களுக்கில்லை. அங்கை போய் நிண்டால் எனக்குள்ளை என்ன வருமோ எண்டு."

காலையில் நான் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு நிற்க, இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நித்திரை இல்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. "நான் போட்டு வாறன். பின்னேர ரயிலிலை திரும்பிவிடுவன், நாளைக்குப் பிளேன் கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஓட்டோவில் கொழும்புக் கோட்டை நிலையம் போகும் வழியெல்லாம், தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற இந்த மனுசனை ஏன் கட்டினேன் என்று எனக்குள் பொரிந்துகொண்டு போனேன்.

ரயில் வந்து நின்று, நான் எந்தப் பெட்டி என்று தெரியாமல் முழிசிக்கொண்டிருந்தபோது ஒரு கை என் பையைப் பிடித்தது. திரும்பினால் இவர். சவரம் செய்யவில்லை. காலில் அறைச் செருப்பு.

"உமக்கு மொழி தெரியாது. பெட்டி மாறி ஏறிப்போட்டு எங்கையாவது போய் நிப்பீர்," என்றார். ஓம் என்றேன். அழுகை வந்துவிடுமோ என்று முன்னாலே ஏறிவிட்டேன்.

அந்தப் பாதை முழுக்கக் கடல்தான். களுத்துறையில் அகன்ற ஆறு, பெந்தோட்டையில் இன்னொன்று, அம்பலாங்கொடை, ஹிக்கடுவை. காலியில் ரயில் வெகுநேரம் நின்றது. பிறகு புறப்பட்டதே, வந்த பக்கமாக! எனக்கு உயிர் போய்விட்டது. "ஐயோ, இது திரும்பிப் போகுது! இறங்குங்கோ, இறங்குங்கோ!" என்று பையையும் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன். பெட்டி முழுக்கச் சிரித்தது. இவரும் சிரித்தார். கொழும்பு வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

"இரும், இரும். காலியிலை எஞ்சினைக் கழட்டி மற்றப் பக்கம் பூட்டுவினம். இனி மாத்தறை மட்டும் பின்பக்கமாத்தான் இருந்து போகவேணும். எப்பவும் இப்பிடித்தான்."

எப்பவும் என்றார். அந்த வரியில் அவர் எத்தனை தரம் போய்வந்தாரோ. வெலிகமையில் வளைகுடாவுக்குள் ஒரு வீடு மட்டும் நிற்கிற குட்டித்தீவைத் தானாகவே விரலால் காட்டினார்.

மாத்தறையில் இறங்கும்போது ரயில் பிந்தியிருந்தது. திரும்புகிற ரயிலுக்கு முன், முனைக்குப் போய் வரச் சரியாக நேரம் இருந்தது. நான் ஓட்டோக்காரனிடம் வெளிச்சவீட்டுப் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டத் தொடங்க, பக்கத்திலிருந்து ஒரு குரல் சிங்களத்தில் பேசியது. வேகமாக, ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் ஒரு பகிடியும் விட்டிருக்கவேண்டும், ஓட்டோக்காரன் கெக்கட்டமிட்டுச் சிரித்தான். பிள்ளை பெற்று, வீடு வாங்கி, தலை நரைக்கும்வரை கூட வாழ்ந்த மனுசனின் குரலை நான் புதிதாகக் கேட்டேன்.

நில்வளா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். எதிரே மரப் பலகணி வைத்த பழைய மாடிவீடு ஒன்று நின்றது. அடையாளம் பிடிக்கிற மாதிரி அதை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரும்பி, தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்த கடையைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பைகளும் குடைகளும் தொங்கிய புதிய கட்டடம். சுருட்டு வாசம் எங்கே, மாமா எங்கே. செருப்பு சரசரக்க உள்ளே போனார். நான் பின்னால் போனேன்.

கடைக்காரனுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். இவர் ஒரு குடையை எடுத்து விரித்துப் பார்த்து ஏதோ கேட்டார். அவனும் சொன்னான். நாலு வார்த்தை போயிருக்கும், அவன் இவரை உற்றுப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஒன்று கேட்டான். இவர் பதில் சொன்னார். கடைக்காரனின் சிரிப்பு நின்றது.

"என்ன கேட்டவன்? என்ன சொன்னனீங்கள்?" என்று நான் இவர் கையைப் பிடித்தேன்.

"இவ்வளவு நல்ல சிங்களம் எங்கை படிச்சனீங்கள் எண்டு கேட்டான். இந்தக் கடையிலைதான் எண்டு சொன்னனான்."

கடைக்காரன் ஒரு கதிரையை இழுத்து, துணியால் துடைத்து, இவருக்கு முன்னால் வைத்தான். இவர் அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாமா காலத்திலை வேலைக்காரப் பொடியளுக்கு இதுக்குள்ளை கதிரை இல்லை," என்று என்னிடம் தமிழில் சொன்னார். பிறகு இருந்தார். எனக்கும் ஒரு முக்காலி வந்தது. பால் விடாத பிளேன்டீ வந்தது. அவர்கள் கதைத்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இவர் கையால் காட்டிய இடங்கள் மட்டும் விளங்கின. இங்கே தராசு, அங்கே மாமாவின் மேசை, அதோ பின்மதில். பின்மதிலைக் காட்டி, இரண்டு விரலால் அதில் ஏறிக் குதித்து ஓடிக் காட்டினார்.

வெளியே வெயில் சரிந்தது. ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். தெய்வேந்திரமுனை அங்கிருந்து ஓட்டோவில் பத்து, பதினைந்து நிமிடம். மாரி முழுக்க நான் சண்டை பிடித்த முனை, வகுப்பில் பாடமாக்கிய முனை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் அது தவறிவிடும் என்று தெரிந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "உம்முடைய வெளிச்சவீடு..." என்று எழும்பப் பார்த்தார்.

"அவசரமில்லை. இருந்து குடியுங்கோ," என்றேன். நானா அதைச் சொன்னேன் என்று இப்போதும் எனக்கு நம்ப முடியவில்லை.

கொழும்பு ரயிலில் இருட்டினபிறகு இவர் சொன்னார். எரிந்த நிலத்தைப் பிறகு அந்தக் கடைக்காரனின் தகப்பன் வாங்கினாராம், அவனுக்கு அப்போது சின்ன வயதாம், அவனாகவே சொன்னானாம்.

"மன்னிப்பு ஏதும் கேட்டவனோ?"

"இல்லை. நானும் கேள் எண்டு சொல்லேல்லை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "தேத்தண்ணி நல்லாயிருந்தது" என்றார். காலி மட்டும் என் தோளில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதார். காலியில் ரயில் திசை மாறியபோது நான் எழும்பவில்லை.

ஒஸ்லோவில் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அதே மேசையில், என் திட்டத்தை முன்னமே அறிந்திருந்த அந்தத் தாதி கேட்டாள், முனைக்குப் போனாயா என்று. இல்லை, மாத்தறை மட்டும் என்றேன். "ஐயோ, அது பக்கத்திலைதானே இருந்தது!" என்று அவள் எனக்காக உண்மையாகவே கவலைப்பட்டாள். அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கடையில் வாங்கின குடையை மட்டும் காட்டினேன். நல்ல குடை என்றாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்குள் நுழைய, இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் குந்தியிருந்தார். திரையில் இலங்கை ரயில் நேர அட்டவணை. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மாத்தறைக்கு விடியப்புறத்திலை ஒரு வண்டி இருந்தது. இப்பவும் ஓடுதோ எண்டு பாக்கிறன்," என்றார், திரும்பாமலே. "உம்முடைய முனை மிச்சம் கிடக்கெல்லே. இந்தமுறை காலமை போனால், கடையிலையும் கொஞ்சம் இருந்துபோட்டுப் போகலாம்."

நான் குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.